சைக்கிளுக்குப் பேட்டரி கட்டிய கதை

(நம் சங்கத்தின் முன்னாள் மாணவர் சந்திப்பில், 1976–79 மெக்கானிக்கல் டிப்ளமா பேட்ச்சைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போன வாரம் செயலாளர் கூப்பிட்டு, "நீ ஏதோ சைக்கிள்ல பேட்டரி கட்டி ஓட்டறியாமே, அதைப் பத்திக் கொஞ்ச நேரம் பேசேன். சாப்பாட்டுக்கு முன்னால பேசறியா, பின்னால பேசறியா?" என்று கேட்டார். முன்னால்தான் என்று சொல்லிவிட்டேன். சாப்பிட்ட பிறகு பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். பசியோடு இருக்கிறவனுக்குத் தூக்கம் வராது. (சிரிப்பு)

இந்த மேசை மேல் ஒரு அலுமினியப் பெட்டியைக் கொண்டு வந்து வைத்திருக்கிறேன். ஒரு மூலை நசுங்கி, உள்பக்கம் கருகியிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் நம் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு நடை போய் வருவோம்.

1976-ல் லேத் செக்‌ஷனில் எனக்கு முதல் நாள். நாலு தாடை சக்கில் ஜாபைப் பிடித்துவிட்டு சுவிட்சில் கை வைத்தேன். "டேய், நில்லு!" என்று ஒரு சத்தம். நம் லேத் மாஸ்டர். காக்கிச் சட்டைப் பையில் ஸ்டீல் ரூல் இல்லாமல் அவரை நாம் யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் வந்து சக்கைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். முக்கால் சுற்றில் ஒரு தாடை டூல் போஸ்டில் 'டக்' என்று முட்டி நின்றது. சுவிட்சைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இங்கே இருக்கும் மெக்கானிக்கல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டர் சொன்னார்: "ஓடற எதையும் முதல்ல கையால ஒரு முழுச் சுத்து சுத்திப் பாரு. அப்புறமா கரண்டைக் குடு." ஸ்டீல் ரூலால் முழங்கையில் ஒரு தட்டும் கிடைத்தது.

அந்தத் தட்டை நாற்பத்தைந்து வருஷம் கழித்து நான் மறந்தேன். அதன் விலைதான் இந்தப் பெட்டி.

பம்ப்செட் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்து 2018-ல் ஓய்வு பெற்றேன். வடவள்ளியில் வீடு. மூட்டு வலிக்கு டாக்டர், "நடக்கறதைக் குறைச்சுக்குங்க, சைக்கிள் மிதிங்க" என்றார். மகன் வேலைக்கு பெங்களூர் போனபோது விட்டுவிட்டுப் போன சைக்கிள் ஒன்று மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. முன் ஃபோர்க்கிலும் ஸ்பிரிங், சீட்டுக்குக் கீழே நடுவிலும் ஒரு ஸ்பிரிங் ஷாக் அப்சார்பர். 'ஃபுல் சஸ்பென்ஷன்' என்பார்கள். நம் ஊர் ரோட்டில் இடுப்புக்கு மிகவும் இதமான வண்டி. ஆனால் மருதமலை ரோட்டில் மேடு வந்தால் மூட்டு கெஞ்சியது. 2020 ஊரடங்கில் வீட்டிலேயே அடைந்து கிடந்தபோதுதான் யோசனை வந்தது, இதற்கு ஒரு மோட்டார் போட்டால் என்ன?

மோட்டார் கிடைப்பது கஷ்டமில்லை. பின் சக்கரத்தின் நடுவிலேயே அடங்கும் 250 வாட் ஹப் மோட்டார், கண்ட்ரோலர், திராட்டில் எல்லாம் ஒரே பெட்டியில் வருகிறது. 250 வாட்டுக்குள்ளும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படி ரிஜிஸ்ட்ரேஷனும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். அதற்கு மேல் போக எனக்கும் ஆசை இல்லை. என் எலும்புக்கும் ஆசை இல்லை. பிரச்சினை பேட்டரிதான்.

நாம் படித்த காலத்தில் பேட்டரி என்றால் லெட் ஆசிட்தான். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றைத் தொடராக வைத்தால் 36 வோல்ட் வரும், ஆனால் எடை ஆறேழு கிலோ. லித்தியம் அயன் செல்லை சோனி கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்தது 1991-ல். அதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நான் வாங்கியது 18650 என்ற வகை. பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். டார்ச் செல்லின் தம்பி மாதிரி இருக்கும். சராசரியாக 3.6 வோல்ட், முழுக்க சார்ஜ் ஏறினால் 4.2. நாலு செல்லைப் பக்கவாட்டில் இணைத்து ஒரு குரூப். அப்படிப் பத்து குரூப்பைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. மொத்தம் 40 செல். செல் எடை இரண்டு கிலோவுக்குள், பெட்டி எல்லாம் சேர்த்து மூன்று கிலோ. பழைய லெட் ஆசிட்டில் பாதி எடை, அதைவிட அதிக சரக்கு. என்னைப் போல மிதித்துக்கொண்டே ஓட்டினால் முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம்.

செல்களைக் கட்டும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். உக்கடத்தில் பழைய லேப்டாப் செல் மலிவாகக் கிடைக்கும் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று ஒரே லாட்டில் புதுச் செல் வாங்கினேன். ஒவ்வொன்றாக வோல்டேஜ் பார்த்து, சமமாக இருந்ததை மட்டும் சேர்த்தேன். சால்டரிங் வைத்தால் சூட்டில் செல் கெடும் என்று நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்தேன். ஒவ்வொரு குரூப்பையும் கண்காணிக்கும் பி.எம்.எஸ். என்கிற பாதுகாப்பு அட்டை, 20 ஆம்பியர் ஃபியூஸ் எல்லாம் உண்டு. கட்டி முடித்த அன்று மல்டிமீட்டரில் 41.8 வோல்ட் காட்டியது. முதல் மகன் பிறந்த அன்று இருந்த சந்தோஷம்!

அப்புறம்தான் அசல் கேள்வி வந்தது. இதை எங்கே மாட்டுவது?

சாதாரண சைக்கிளில் இது ஒரு பிரச்சினையே இல்லை. நடு முக்கோணம் காலியாகக் கிடக்கும், தூக்கி வைத்துக் கட்டிவிடலாம். ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளில் அந்த முக்கோணத்துக்குள்தான் ஷாக் அப்சார்பர் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. பின் சக்கரத்தைத் தாங்கும் பகுதி ஒரு பின்னைச் சுற்றி மேலும் கீழும் ஆடுகிறது. அதாவது சைக்கிளில் பாதி நிற்கிறது, பாதி ஓடுகிறது. நிற்கிற பாதி எது, ஓடுகிற பாதி எது, இரண்டும் எங்கே எவ்வளவு நெருங்கி வருகிறது என்று தெரியாமல் எதையும் மாட்டக் கூடாது. இது எனக்கு இப்போது தெரிகிறது.

முதல் முயற்சி, சீட் கம்பியில் மாட்டும் கேரியர். பால்கார அண்ணன் கேன் கட்டுகிற மாதிரி கட்டினேன். கேரியர் ஒரே ஒரு கிளாம்பில் தொங்குகிறது. எடையோ அதற்கு ஒரு அடி பின்னால். மூன்று கிலோ என்பது வண்டி நிற்கும்போதுதான் மூன்று கிலோ. குழியில் இறங்கி ஏறும்போது அதிர்வு ஐந்து மடங்கு என்று வைத்துக்கொண்டால் பதினைந்து கிலோ. அதை ஒரு அடி நீளக் கம்பி முனையில் தொங்கவிட்டுத் தட்டிக்கொண்டே இருந்தால் எந்தக் கிளாம்ப் நிற்கும்? மூன்றாம் நாளே கேரியர் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. மேடு ஏறும்போது முன் சக்கரமும் லேசாகித் தூக்கியது.

ஒரு நண்பர், "பின் சக்கரத்தைத் தாங்கற கம்பியிலயே ஸ்டாண்டு அடிச்சு வைச்சுடு" என்று யோசனை சொன்னார். அது இன்னும் மோசம். அந்தக் கம்பி ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது. ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு கல்லின் அடியும் ஸ்பிரிங் வழியாக வராமல் நேராக செல்லுக்குப் போகும். நிக்கல் பட்டையின் வெல்டு எத்தனை நாள் தாங்கும்? சஸ்பென்ஷன் உங்கள் இடுப்புக்கு மட்டுமல்ல, பேட்டரிக்கும்தான் வேண்டும்.

ஆக, நிற்கிற பாதியில், தாழ்வாக, நடுவில் வைக்க வேண்டும். முக்கோணத்தில் ஷாக்குக்குக் கீழே, சாய்ந்து இறங்கும் பெரிய குழாய்க்கு மேல் கொஞ்சம் இடம் இருந்தது. அதற்குத் தகுந்த மாதிரி அலுமினியத் தகட்டில் பெட்டி வளைத்தேன். இதோ, இதே பெட்டி. தண்ணீர் பாட்டில் மாட்டுவதற்காகக் குழாயில் 64 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு எம்5 துளை இருக்கும். அந்த இரண்டு போல்ட்டில் பெட்டியை முறுக்கினேன். உள்ளே செல்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஃபோம் ஷீட் வைத்தேன். சீட்டில் ஏறி உட்கார்ந்து, வீட்டில் இருந்தவரை விட்டுப் பார்க்கச் சொன்னேன். பெட்டியின் கீழ் மூலைக்கும் ஆடுகிற இணைப்புக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. "தொடலைங்க" என்றார். "பாத்தியா, என்ன கச்சிதம்!" என்றேன்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். உட்கார்ந்தால் ஷாக் இறங்குவது அதன் மொத்தப் பயணத்தில் கால் பங்கு. மீதி முக்கால் பங்கு, வண்டி குழியில் விழும்போதுதான் இறங்கும். அந்த முக்கால் பங்கை நான் பார்க்கவே இல்லை. சக்கைக் கால் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டவன் நான்.

2021, அக்டோபர் மாதம். மழை விட்டிருந்தது. மகள் வீட்டுப் பேரன் வந்திருந்தான், அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு. காலையில் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து, "அப்பச்சி, நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டான். எனக்குத் தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு வேலை. "இன்னிக்கு நான் போய்ட்டு வந்துடறேன் கண்ணு, நாளைக்கு நீதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தொண்டாமுத்தூர் ரோட்டில் தண்ணீர் நின்ற ஒரு குழி. ஆழம் தெரியவில்லை. 'டங்' என்று ஒரு சத்தம், ஷாக் முழுக்க இறங்கிவிட்டது. வண்டி கீழே விழவில்லை. நூறு அடி போனதும் மோட்டார் நின்றது. ஏதோ ஒயர் லூஸ் என்று நினைத்து மிதித்துக்கொண்டே போனேன். அப்போது ஒரு வாசம் வந்தது. இனிப்பும் நெடியும் கலந்த மாதிரி, பெயின்ட் கடை வாசம். இறங்கிக் குனிந்து பார்த்தால் பெட்டியின் மூலையிலிருந்து வெள்ளைப் புகை.

மோட்டார் ஏன் நின்றது? பி.எம்.எஸ். தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஒரு குரூப்பின் வோல்டேஜ் விழுந்ததைப் பார்த்து வெளி இணைப்பைத் துண்டித்தது. ஆனால் ஷார்ட் வெளியே இல்லை, உள்ளே. இணைப்புக் கம்பி இடித்ததில் பெட்டியின் மூலை உள்வாங்கி, ஃபோமைக் கிழித்து, இரண்டு செல்லின் மேலுறையைக் கீறிவிட்டது. இந்த வகைச் செல்லின் உடம்பு முழுவதுமே நெகட்டிவ். பக்கத்துப் பக்கத்துக் குரூப்பைச் சேர்ந்த இரண்டு செல்லின் உடம்பை அலுமினியத் தகடு ஒன்றாகத் தொட்டால், ஒரு குரூப் முழுக்க நேரடி ஷார்ட். அந்தக் கரண்ட் பி.எம்.எஸ். வழியாகவும் போகாது, ஃபியூஸ் வழியாகவும் போகாது. இதை நன்றாக மனதில் வையுங்கள்: பி.எம்.எஸ்., ஃபியூஸ் இரண்டும் தன் வழியாகப் போகிற கரண்டைத்தான் தடுக்கும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் நடப்பதைத் தடுக்க இன்சுலேஷனையும் இடைவெளியையும் தவிர வேறு ஆள் கிடையாது.

கனெக்டரைப் பிடுங்கினேன். பிரயோஜனம் இல்லை. பெட்டியைக் கழற்றலாம் என்றால், அது இரண்டு ஆலன் போல்ட்டில் நிற்கிறது. ஆலன் கீ வீட்டில் டூல் பாக்ஸில் இருக்கிறது. சைக்கிளை ரோட்டோர மண்ணில் சாய்த்துவிட்டு இருபது அடி தள்ளி நின்றேன். 'புஸ்' என்று ஒரு செல் வாயைத் திறந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. எதிர்த் தோட்டத்தில் இருந்த ஒருவர் ஓடி வந்து, "ஏனுங்க, தண்ணி ஊத்தட்டுங்களா?" என்றார். ஒரு கணம் யோசித்தேன், பிறகு "ஊத்துங்க, தள்ளி நின்னு ஊத்துங்க, புகையை மட்டும் மூக்குல ஏத்திக்காதீங்க" என்றேன். லித்தியம் செல் தீயில் முக்கியமான காரியம் பக்கத்துச் செல்களைக் குளிரவைப்பது. அதற்கு நிறையத் தண்ணீர்தான் மருந்து. நாலைந்து குடம் ஊற்றினார். என் அதிர்ஷ்டம், அதற்குள் ஒரு நிக்கல் பட்டை உருகி அறுந்து, ஃபியூஸ் மாதிரி ஷார்ட்டை விலக்கிவிட்டது. புகை நின்றது. நாற்பது செல்லில் இரண்டு போனதோடு முடிந்தது. மற்ற முப்பத்தெட்டும் சூடாகிச் சங்கிலி மாதிரி பற்றியிருந்தால், அது இரண்டு குடத்திலோ இருபது குடத்திலோ அடங்குகிற சமாச்சாரம் இல்லை.

வீட்டுக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். வாசலில் பேரன். "என்னாச்சு அப்பச்சி?" "ஒண்ணுமில்ல கண்ணு, ஃபியூஸ் போயிடுச்சு." உள்ளே இருந்து, "ஏனுங்க, என்னமோ கருகின வாசம் வருதுங்களே?" என்று கேட்டார்கள். அவர்களிடமும் அதையேதான் சொன்னேன். அந்தப் பொய்யை இதுவரை மாற்றவில்லை. என் துணைவியார் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் இன்றைக்குத்தான் விஷயம் தெரிகிறது. வீட்டில் வைத்துச் சொல்ல தைரியம் வரவில்லை. இங்கே இத்தனை பேர் இருப்பதால் சொல்கிறேன். (சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குழியில் 'நாளைக்கு' இறங்கியிருந்தால் வண்டியில் அவன் இருந்திருப்பான். மோட்டார் நின்றால் பன்னிரண்டு வயதுப் பையன் என்ன செய்வான்? குனிந்து முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். நானே அதைத்தானே செய்தேன்?

ஆறு மாதம் சைக்கிளைத் தொடவில்லை. 2022-ல் மின் ஸ்கூட்டர்கள் அங்கங்கே தீப்பிடித்த செய்திகள் வரவும், இனி வேண்டாம் என்றே முடிவு செய்தேன். ஆனால் மூட்டு வலி திரும்ப வந்தது. அதைவிட, தப்பு எங்கே என்று தெரிந்த பிறகும் சரிசெய்யாமல் விடுவது மெயின்டனன்ஸில் இருந்தவனுக்கு ஒரு உறுத்தல். இந்த முறை மாஸ்டர் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். எப்படி மாட்டினேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, கையால் சுற்றிப் பார்த்தல். ஷாக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துவிட்டு, வெறும் ஷாக்கைத் திரும்ப மாட்டினேன். இப்போது பின் சக்கரத்தைக் கையாலேயே கடைசி வரை தூக்க முடியும். காற்று ஷாக் வைத்திருப்பவர்கள் காற்றை இறக்கிவிட்டு அழுத்தலாம். முழுக்க இறங்கிய நிலையில் கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்தி, மிச்சமிருக்கும் இடத்தை அட்டையில் வெட்டி எடுத்தேன். அட்டையைப் பார்த்ததும் தெரிந்தது, பழைய பெட்டி அதைவிட முக்கால் இஞ்ச் பெரிது! கடைசியில் இருக்கும் ரப்பரும் வேகத்தில் நசுங்கும், ஃபிரேமும் கொஞ்சம் வளையும் என்று அரை இஞ்ச் கூடுதலாக விட்டேன். முன் ஃபோர்க்கையும் அப்படியே அழுத்தி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

இரண்டாவது, இடத்துக்குத் தகுந்த மாதிரி செல்லை அடுக்குதல். பேட்டரி செவ்வகமாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த சட்டமும் இல்லை. அட்டை மேல் செல்லை நிறுத்தி, கீழே குறைவாகவும் மேலே அதிகமாகவும் படிப்படியாக அடுக்கினேன். ஒன்றையொன்று தொடாமல் பிளாஸ்டிக் செல் ஹோல்டர்.

மூன்றாவது, இன்சுலேஷன். இதற்குக் கோயமுத்தூர்க்காரன் எங்கேயும் அலைய வேண்டாம். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் ஸ்லாட்டுக்குள் வைக்கும் லெதராய்டு பேப்பர் இருக்கிறதே, அதுதான். முப்பது வருஷம் என் கையில் புரண்ட பொருள், முதல் தடவை ஞாபகம் வரவில்லை பாருங்கள்! குரூப்புக்கும் குரூப்புக்கும் நடுவில் ஒன்று, சுற்றிலும் இரண்டு மடிப்பு. பெட்டியை அலுமினியத்தில் செய்யாமல் ஹைலம் ஷீட்டில் செய்தேன். கரண்ட் கடத்தாது, இடித்தாலும் கத்தி மாதிரி உள்ளே வராது. பி.எம்.எஸ். அட்டைக்கும் செல்லுக்கும் நடுவிலும் ஒரு ஹைலம் துண்டு.

நான்காவது, எடையைத் தாங்குவது யார் என்ற கேள்வி. பாட்டில் போல்ட் இரண்டும் முக்கால் கிலோ தண்ணீருக்காக வைத்தது. மெல்லிய குழாயில் நெருக்கிவைத்த நட்டு அது. மூன்று கிலோவைக் குலுக்கினால் ஒருநாள் கழன்றுவிடும். ஆகவே குழாய் நீளத்துக்கு 3 மில்லிமீட்டர் அலுமினியப் பட்டை ஒன்றைப் படுக்கவைத்தேன். பாட்டில் போல்ட் அது நகராமல் இடம் பிடிக்க மட்டும்தான். எடையைத் தாங்குவது பட்டையையும் குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று ஓஸ் கிளிப். கிளிப்புக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப் ரப்பர். அதிகம் முறுக்கினால் அலுமினியக் குழாய் நசுங்கும், கவனம். ஃபிரேமில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. துளை போட்ட இடத்தில்தான் விரிசல் பிறக்கும் என்று ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்தோமே, பாஸ் மார்க் வாங்கியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். (சிரிப்பு)

ஐந்தாவது, கையாலேயே கழற்ற வேண்டும். பெட்டி பட்டையின் மேல் முனையில் சொருகி நிற்கிறது, கீழே பெல்ட்டு மாதிரி இரண்டு பட்டையும் பக்கிளும். கனெக்டரைப் பிடுங்கி, பக்கிளைத் தட்டினால் பத்து விநாடியில் கையோடு வந்துவிடும். எந்த ஸ்பேனரும் வேண்டாம். சார்ஜ் போடவும் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

ஆறாவது, ஒயர். மோட்டார் ஒயர் நிற்கிற பாதியிலிருந்து ஓடுகிற பாதிக்குத் தாண்டிப் போகிறது. பின்னுக்குப் பக்கத்தில் ஒரு வளையம் விட்டுக் கட்ட வேண்டும். சக்கரம் முழுக்கக் கீழே தொங்கும்போது இழுக்கக் கூடாது. முழுக்க மேலே வரும்போது நசுங்கக் கூடாது. பெட்டிக்குள் ஒயர் நுழைவது கீழ்ப்பக்கம், தண்ணீர் வழிந்து உள்ளே போகாமல். அடியில் ஈரம் வடிய ஒரு சின்னத் துளை.

கடைசியாக, ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டு, கூடுதல் எடைக்காகக் கொஞ்சம் இறுக்கினேன். நான் உட்கார்ந்தால் பழையபடி கால் பங்குதான் இறங்க வேண்டும். பிறகு வேண்டுமென்றே திண்ணை உயரத்திலிருந்து பின் சக்கரத்தைப் பலமுறை போட்டுப் பார்த்தேன். இடிபடும் இடத்தில் கோதுமை மாவு உருண்டை ஒன்றை ஒட்டியிருந்தேன். உருண்டை நசுங்கவில்லை. அதற்குப் பிறகுதான் கரண்ட் கொடுத்தேன்.

மாதம் ஒரு முறை பத்து குரூப்பின் வோல்டேஜையும் தனித்தனியாகப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் விலகிப் போனால் அதுதான் முதல் எச்சரிக்கை. சார்ஜ் போடுவது வராந்தாவில் சிமென்ட் தரையில், நான் விழித்திருக்கும்போது மட்டும், 42 வோல்ட் லித்தியம் சார்ஜரில் மட்டும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குவது கிடையாது.

இனி என் பேட்ச் நண்பர்களுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. உங்களில் மூன்று பேர், "எனக்கும் ஒண்ணு கட்டிக் குடுடா" என்று கேட்டீர்கள். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று வருஷக் கணக்கில் தட்டிக் கழித்தேன். கர்வம் என்று ஒருவர் வருத்தப்பட்டதாகவும் கேள்விப்பட்டேன். கர்வம் இல்லையப்பா, பயம். நான் கட்டிக் கொடுத்ததை நீ மாட்டுவாய். உன் சைக்கிள் வேறு, உன் ஷாக் வேறு, உன் ரோடு வேறு. உன் வீட்டிலும் ஒரு பேரன் இருப்பான். ஆகவே யாருக்கும் கட்டிக் கொடுக்க மாட்டேன். கடையில் பரிசோதித்த பேட்டரி கிடைக்கிறது, பணம் கூட ஆனாலும் அதை வாங்கிக்கொள். ஆனால் அதை வாங்கினாலும் மாட்டுவது நீதான். நான் செல் கட்டியதில் தப்பு இல்லை, மாட்டியதில்தான் தப்பு. மாட்டும் அன்று என்னைக் கூப்பிடு, வருகிறேன். ஸ்பிரிங்கைக் கழற்றி, சேர்ந்து கையால் ஒரு முழுச் சுத்து சுத்திப் பார்ப்போம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த நசுங்கின பெட்டியை நம் ஒர்க்‌ஷாப்புக்கே கொடுத்துவிடுகிறேன். லேத் செக்‌ஷன் சுவரில் ஒரு ஆணி அடித்து மாட்டுங்கள். முதல் வருஷப் பிள்ளைகள் 'இது என்ன சார்?' என்று கேட்பார்கள். கதையைச் சொல்லுங்கள். மாஸ்டர் இன்று நம்மோடு இல்லை. இருந்திருந்தால் இந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பையிலிருந்து ஸ்டீல் ரூலை எடுத்திருப்பார். முழங்கையை நீட்டியிருப்பேன்.

பேரனுக்கு இப்போது உயரம் என் தோளைத் தாண்டிவிட்டது. போன லீவில் வந்தபோது கேட்டான். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால், ஸ்பிரிங் இல்லாமல் பின் சக்கரத்தை அவன் கையாலேயே தூக்கச் சொன்னேன். "எதுக்கு அப்பச்சி?" என்றான். "தூக்கு, சொல்றேன்" என்றேன். தூக்கினான், நான் குனிந்து பார்த்தேன், தொடவில்லை. பிறகு ஸ்பிரிங்கை மாட்டிக் கொடுத்தேன். போய்விட்டு வந்தான்.

சாப்பாட்டு வாசம் வர ஆரம்பித்துவிட்டது, இதற்கு மேல் பேசினால் நீங்களே மேடை ஏறி வந்துவிடுவீர்கள்.